தூங்காதவனுக்கு யார் சாட்சி?

போன மாதம் ஒரு ராத்திரி. பதினொன்றரை மணி இருக்கும். காலையில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். செல்போனில் அனுப்பினால் அவருக்குப் பிடிக்காது. கையில் எண்ணி வாங்கினால்தான் அது சம்பளம் என்பார். அதனால் தெருமுனை ஏ.டி.எம்.முக்குப் போனேன். முன்பெல்லாம் அங்கே வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர். இப்போது நாற்காலி மட்டும் இருக்கிறது. கார்டைச் செருகப் போன நேரத்தில் கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், ஹெல்மெட்டைக் கழட்டுங்க."

தூக்கிவாரிப் போட்டது. புராணப் படங்களில்தான் அசரீரி கேட்டிருக்கிறேன். நல்ல பிள்ளையாகக் கழற்றினேன். "தேங்க்ஸ் சார்" என்றது அசரீரி.

உங்களுக்கும் நடந்திருக்கும். எங்கோ ஒரு ஊரில், ஒரு ஹாலில், வரிசையாகத் திரைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவனின் குரல் அது. பல ஏ.டி.எம்.களுக்கு இப்போது வாட்ச்மேன் அவன்தான். யாராவது மெஷினை ஆட்டினால், கதவை உடைத்தால், அவனுக்கு முன்னால் அலாரம் அடிக்கும். அவன் பார்த்து, மைக்கில் மிரட்டி, போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. பதினொன்றரை மணிக்கு அவன் என்னைப் பார்த்தான், சரி. மூன்று மணிக்கும் பார்ப்பானா? அப்போது அவனை யார் பார்ப்பார்கள்?

"ஏ.டி.எம்.முக்குக் காவல் இருக்கானா இல்லையான்னு நீங்க ஏன் முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. அதனால் உங்களிடம் கொண்டுவந்துவிட்டேன்.

இந்தத் தொழில் நாம் நினைப்பதைவிடப் பழசு. 1853-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று சேர்ந்துகொண்டு மணி அடிக்கும். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், 1858-ல் பாஸ்டனில் கடை விரித்தார். மறு வருஷமே நியூயார்க்குக்குப் போய்விட்டார். திருடர்கள் அதிகம் இருக்கிற ஊரில்தானே சரக்கு விற்கும்! வியாபாரி.

வீட்டில் மணி அடித்து என்ன பயன்? வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில்தான் திருடன் வருவான். அதனால் வீடுகளிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் வயரை இழுத்து ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், மணியை அங்கே அடிக்க வைத்து, பக்கத்தில் ஆளை உட்கார வைத்தார்கள். கன்ட்ரோல் ரூம் பிறந்தது இப்படித்தான். (1877-ல் பாஸ்டனில் ஹோம்ஸின் மகன் இதே அலாரம் வயர்களில் பகலில் டெலிபோன் பேச வைத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. பகலில் வம்பு, ராத்திரியில் காவல்.)

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். டெய்லர் கையைக் குட்டையாக வெட்டிவிட்டால் போட்டுப் பார்த்தவுடன் தெரியும். கண்காணிப்பு மையத்திடம் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது என்ன? ஒன்றும் நடக்காமல் இருப்பது. வருஷம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. சரி, அங்கே ராப்பகலாக ஆள் விழித்திருந்தானா, வயரே பிடுங்கிக் கிடந்ததா? இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிகிற ராத்திரி ஒன்று வரும். அன்றைக்குத் தெரிந்து புண்ணியமில்லை.

உங்களுக்கு மட்டுமில்லை, மையத்தை நடத்துகிற முதலாளிக்கே தெரியாது. அவரும் அந்த நேரத்தில் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

அதனால்தான் வெளியாள் ஒருவர் வந்து சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வந்தது. அமெரிக்காவில் யூ.எல். 827 என்று ஒரு தரவிதி. ஐரோப்பாவில் ஈ.என். 50518. இரண்டாவதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அதை எழுதியவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள் என்று தோன்றுகிறது.

மையத்தின் சுவர், கதவு, கண்ணாடி எவ்வளவு அடி தாங்க வேண்டும் என்று இருக்கிறது. வாசலில் இரண்டு கதவுகள். ஒன்று மூடாமல் இன்னொன்று திறக்காது. கரண்ட் போனால் உடனே பேட்டரி, அதற்குப் பிறகு ஜெனரேட்டர். எந்நேரமும் குறைந்தது இரண்டு பேர் டூட்டியில் இருக்க வேண்டும். ஒருத்தருக்கு மாரடைப்பு வந்தால் இன்னொருத்தர் வேண்டுமே. ஒருத்தர் விலைபோனாலும் இன்னொருத்தர் வேண்டும், இதை விதியில் எழுதமாட்டார்கள். தீ, கொள்ளை மாதிரி அவசர சிக்னல் வந்தால் நூற்றுக்கு 80-ஐ 30 விநாடிக்குள்ளும், 98.5 சதவீதத்தை 60 விநாடிக்குள்ளும் கவனித்து வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். மீதி ஒன்றரை சதவீதம் மனுஷனுக்கு விட்டுவைத்தது.

இதையெல்லாம் அந்த மையமே "எங்களிடம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் போதாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பதிவேட்டைப் புரட்டி, டூட்டி நேரங்களோடு ஒத்துப்பார்த்து, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். பிரிட்டனில் சான்று பெற்ற நிறுவனத்தின் அலாரமாக இருந்து, சான்று பெற்ற மையம் வழியாக வந்தால்தான் போலீஸ் அதற்கென்று ஒரு எண் ஒதுக்கி, கூப்பிட்டால் வருவதாக ஒப்புக்கொள்கிறது. சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கு அல்ல, போலீஸ் வருவதற்கு.

இங்கேதான் ஒரு மனத்தாங்கல் கிளம்பும். "என்மேல் நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது என் பெரியப்பா வாயிலிருந்து. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் அவர் ராத்திரி வாட்ச்மேன். நான் ஐந்தாம் வகுப்பு. அவர் டூட்டிக்குக் கிளம்பும்போது தோளில் தோல் உறை போட்ட ஒரு கனத்த வட்டக் கடிகாரம் தொங்கும். நேரம் பார்க்க அல்ல. மில் காம்பவுண்டில் எட்டு இடத்தில் சுவரோடு சங்கிலி போட்டு எட்டு சாவிகள் இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் நடந்துபோய் அங்கே இருக்கிற சாவியைக் கடிகாரத்துக்குள் விட்டுத் திருக வேண்டும். உள்ளே இருக்கும் காகித வட்டத்தில் அந்த இடத்தின் நம்பர், அந்த நேரத்துக்கு நேராகக் குத்திக்கொள்ளும். கடிகாரத்தை நடுவில் திறந்தால் அதுவும் குத்திக்கொள்ளும். காலையில் டைம் கீப்பர் பூட்டைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்.

"என்னைய நம்பாமத்தான் கண்ணு இந்தப் பொட்டிய மாட்டி உட்டிருக்கறாங்க" என்பார் பெரியப்பா. "பதினெட்டு வருசமா இங்க காவக் கெடக்கறேன். எங்கப்பன் கூட என்னைய இப்படிச் சந்தேகப்பட்டதில்ல."

எனக்கு அந்த மில்காரர்கள்மேல் அப்படிக் கோபம் வந்தது.

அவருக்கு மாற்றாக வருகிற இன்னொரு வாட்ச்மேன் கெட்டிக்காரர். சங்கிலியைச் சுவரிலிருந்து நைசாகக் கழற்றி எட்டுச் சாவியையும் கொண்டுவந்து தன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிக்கொண்டார். மணிக்கொரு தரம் எழுந்து உட்கார்ந்து எட்டையும் திருகிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். விடிவதற்குள் சாவிகள் அதனதன் இடத்துக்குப் போய்விடும். எத்தனை மாதம் நடந்ததோ. காகிதத்தை மாற்றுகிற டைம் கீப்பர் அதைப் படிப்பதே இல்லை. கம்பியில் குத்தி வைப்பதோடு சரி. புதிதாக வந்த ஒருவர்தான் ஒரு நாள் சும்மா படித்துப் பார்த்தார். முழுச் சுற்றையும் மூன்று நிமிஷத்தில் முடித்திருந்தார் நம்ம ஆள். சைக்கிளில் போனாலே கால் மணி ஆகிற சுற்று. ஆளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

பெரியப்பாவுக்கு இதில் சந்தோஷம் இல்லை. "பாத்தியா, அவனும் நானும் ஒண்ணுன்னுதான பொட்டிய மாட்டியிருக்கறாங்க" என்றார்.

அப்புறம் ஒரு சித்திரையில் பஞ்சு குடோனில் தீ. ராத்திரி மூன்று மணிக்கு மேல் புகை வந்து, ஷிப்டில் இருந்தவர்கள் ஓடிவந்து அணைத்தார்கள். பேல் பேலாகப் போயிற்று. காலையில் ஆபீஸ் ரூமில் விசாரணை. வாட்ச்மேன் தூங்கியிருக்கிறான், இல்லையென்றால் பீடி பிடித்துப் போட்டிருக்கிறான். அவ்வளவுதான், தீர்ப்பு தயார். பதினெட்டு வருஷம் யாருக்கும் ஞாபகம் இல்லை. பெரியப்பா ஒன்றும் பேசவில்லையாம். தோளிலிருந்து கடிகாரத்தை இறக்கி மேஜைமேல் வைத்தாராம்.

டைம் கீப்பர் திறந்தார். ஒவ்வொரு சுற்றும் குத்தியிருந்தது. சுற்றுக்கு இருபத்தைந்து நிமிஷம், சில சுற்றில் முப்பது. மழைக்கால வாதத்தில் கால் இழுத்துக்கொள்கிற மனுஷன் நடக்கிற வேகம் அதில் அப்படியே இருந்தது. இரண்டே முக்காலுக்கு குடோன் சாவி திருகியிருக்கிறது. பஞ்சு பேலுக்குள் எங்கோ ஒரு கங்கு மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாமல் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். மில் வேலை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதைச் சொல்ல அன்றைக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. வேலை தப்பியது.

அதற்குப் பிறகும் அவர் அந்தக் கடிகாரத்தைப் பொட்டி என்றுதான் திட்டினார். ஆனால் துடைத்துத்தான் வைப்பார்.

நேர்மையானவனைச் சோதிப்பது அவமானம் என்று நாம் நினைக்கிறோம். அவமானம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். விழித்திருந்தவனும் தூங்கினவனும் விடிந்ததும் ஒரே மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சோதனை இல்லாத இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே பேர். அநியாயம் தூங்கினவனுக்கு நடப்பதில்லை.

சரி, சோதனை வேண்டும். சோதிக்கிறவர் யார்? அவருக்குக் காசு கொடுப்பது யார்? "வேலியே பயிரை மேய்ந்தால்" என்கிறோமே, அந்த வேலி இப்போது ஒரு படி மேலே போய்விட்டது. கண்காணிப்பு மையங்கள் விஷயத்தில், சான்று வாங்குகிற மையம்தான் சான்று கொடுக்கிற நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. ரொம்பக் கடுமையாக இருந்தால் அடுத்த வருஷம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். பரீட்சை பேப்பர் திருத்துகிற வாத்தியாரை மாணவனே தேர்ந்தெடுத்து, ஃபீசும் அவனே கொடுத்தால் எப்படி?

இதைச் சோதித்தே பார்த்தார்கள், நம் நாட்டிலேயே. அலாரத்தில் இல்லை, ஆலைப் புகையில். குஜராத்தில் 1996-லிருந்து, மாசு அதிகமுள்ள ஆலைகள் வருஷா வருஷம் வெளி ஆடிட்டரை வைத்துச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. ஆடிட்டரை ஆலையே பிடிக்கும், ஆலையே பணம் கொடுக்கும். எஸ்தர் டஃப்ளோ (2019-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான்), மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நால்வரும் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து 473 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதி ஆலைகளுக்குப் பழைய ஏற்பாடே. இன்னொரு பாதிக்கு ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். சம்பளம் பொது நிதியிலிருந்து, முடிவு எப்படி இருந்தாலும் ஒரே தொகை. சில அளவுகளை மட்டும் வேறு ஆள் போய்த் திரும்ப அளந்து பார்ப்பார்; எது என்று ஆடிட்டருக்குத் தெரியாது.

பழைய ஏற்பாட்டு அறிக்கைகளின்படி, காற்றில் கலக்கும் தூசியில் எல்லை மீறிய ஆலைகள் நூற்றுக்கு 7. திரும்ப அளந்தபோது நூற்றுக்கு 59. அறிக்கைகளில் எண்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் எல்லைக்குக் கொஞ்சம் கீழே வந்து குவிந்திருந்தன. எட்டு சாவியையும் மூன்று நிமிஷத்தில் திருகினவர் ஞாபகம் வருகிறாரா? புது ஏற்பாட்டில் பொய் அறிக்கை 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் புகையைக் குறைத்துக்கொண்டன. 2013-ல் இது கட்டுரையாக வந்தது.

இதில் என்னை உலுக்கியது வேறு. ஆட்கள் மாறவில்லை. ஒரே ஆடிட்டர் பழைய ஏற்பாட்டில் ஓர் ஆலைக்கும் புது ஏற்பாட்டில் இன்னோர் ஆலைக்கும் போயிருக்கிறார். முதலாவதில் பொய் எழுதின அதே கை இரண்டாவதில் நிஜத்தை எழுதியது. நாம் "நல்ல ஆளாப் போடுங்கப்பா" என்றே காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆள் நல்லவராக இருக்க முடிகிற மாதிரி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அலாரம் உலகத்தில் இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி, ஊர் கொள்ளாத மின்விளக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு வயிற்றில் புளி. எங்கே தீப்பிடிக்குமோ என்று வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் இன்ஜினீயரை வைத்துச் சோதித்தார்கள். 1894-ல் அவர் ஆரம்பித்த சோதனைக்கூடம்தான் யூ.எல். அதன் பேரில் இருக்கும் 'அண்டர்ரைட்டர்' இன்ஷூரன்ஸ்காரர்தான். சோதனை பொய்யானால் கைக்காசு போகிறவர் அவர். யாருக்கு நஷ்டமோ அவர் சோதிக்கட்டும் என்ற கணக்கு. கிராமத்தில் களத்துமேட்டுக்குக் காவல் போடுகிறவர் செய்கிற அதே கணக்கு. ஆனால் அதே யூ.எல்.லின் சோதனை வியாபாரம், 2024 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு விற்றுப் பட்டியலுக்கு வந்துவிட்டது. இனி பங்குதாரர்களும் கணக்குக் கேட்பார்கள். அதனால் கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. காசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை நூறு வருஷத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோதிக்கிறவரைச் சோதிக்கவும் ஆள் இருக்கிறார்கள். பிரிட்டனில் சான்று தரும் நிறுவனங்களை யூகாஸ் என்ற அமைப்பு அங்கீகரிக்கிறது. நம் ஊரில் அந்த மாதிரி வேலைக்கு இந்தியத் தரக் கவுன்சிலின் கீழே ஒரு வாரியம் இருக்கிறது. அப்போ யூகாஸை? மற்ற நாடுகளில் இதே வேலை செய்யும் அமைப்புகளின் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்களை? இவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். மேலே மேலே போனால் உச்சியில் யாரோ பெரிய நீதிமான் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். அங்கே ஒரு வட்டம்தான் இருக்கிறது. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு. முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால், வேறு எப்படி இருக்க முடியும்?

இவ்வளவும் சரியாக இருந்தால் போதுமா? லண்டனுக்குப் போக வேண்டும், 2015 ஈஸ்டர் விடுமுறைக்கு.

ஹாட்டன் கார்டன், நம் ஊர் என்.எஸ்.சி. போஸ் ரோடு நகைக்கடைகள் மாதிரி, லண்டனின் வைர வியாபாரத் தெரு. அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையில் பாதுகாப்புப் பெட்டகங்கள். ஏப்ரல் 2-ம் தேதி வியாழக்கிழமை ராத்திரி உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற வயசுக்காரர்கள், மூத்தவருக்கு 76. டெலிபோன் வயரை வெட்டினார்கள், அலாரத்தின் ஆன்டெனாவை உடைத்தார்கள். அப்படியும் சிக்னல் வெளியே போய்விட்டது! மணி 12.21-க்கு போலீஸ் கம்ப்யூட்டரில் தகவல் ஏறிவிட்டது. அங்கே அதற்குக் கொடுத்த தர வரிசைப்படி, போலீஸ் போகத் தேவையில்லை என்று முடிவாயிற்று. செக்யூரிட்டி ஒருவர் வந்தார். வெளியிலிருந்து பார்த்தார், கதவெல்லாம் பூட்டியிருந்தது. போய்விட்டார். காரில் வந்துகொண்டிருந்த உரிமையாளர்களில் ஒருவர், கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்று தகவல் கேட்டதும் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே தாத்தாக்கள் கான்கிரீட் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். கருவி பழுதாகி, வெளியே போய், வேறு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி திரும்ப வந்து வேலையை முடித்தார்கள். 73 பெட்டகங்கள், சுமார் 1.4 கோடி பவுண்டு. செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அலாரம் வந்தபோது வழக்கமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று லண்டன் போலீசே ஒப்புக்கொண்டது.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். யார் தூங்கினார்கள்? கருவி தூங்கவில்லை. சிக்னல் போயிற்று, தகவல் சேர்ந்தது, ஆள் வந்தார், முதலாளிக்குப் போன் போயிற்று. தனித்தனியாகக் கேட்டால் எல்லோரும் தங்கள் கடிகாரத்தில் சாவியைத் திருகியிருப்பார்கள். ஒருவரும் கதவைத் திறந்து உள்ளே போகவில்லை. 30 விநாடிக்குள் சிக்னலைக் கவனித்தாயா என்று சோதிக்கலாம். கவனித்தபோது அதை நிஜம் என்று நினைத்தாயா என்று எந்த ஆடிட்டர் சோதிப்பார்?

பொய் அலாரங்கள் மனுஷனை அப்படிப் பழக்கிவிடுகின்றன. புலி வருது கதைதான். பிரிட்டனில் ஒரு கட்டடத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் மூன்று பொய்த் திருட்டு அலாரம் போனால், அதற்கப்புறம் அந்த அலாரத்துக்குப் போலீஸ் வருவதை நிறுத்திவிடலாம் என்று விதியே இருக்கிறது. போலீஸைக் குறை சொல்லவும் முடியாது. நம் தெருவில் கார் அலாரம் கத்தும்போது நீங்கள் எழுந்து போய்ப் பார்த்தது எப்போது? நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறவன். என்னை யாராவது அந்த நேரத்தில் சோதித்திருந்தால் தோற்றிருப்பேன், எல்லா ராத்திரியும்.

போன வாரம் மறுபடி அதே ஏ.டி.எம். அதே நேரம். இந்த முறை வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சத்தமில்லை. பணம் எடுத்தேன். அப்போதும் சத்தமில்லை. மனசு கேட்கவில்லை. கூரையைப் பார்த்து, "தம்பி, இருக்கியாப்பா?" என்றேன். கண்ணாடிக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இரண்டு விநாடி கழித்துக் கரகரவென்று குரல் வந்தது.

"இருக்கேன் சார். சொல்லுங்க சார். கார்டு மாட்டிக்கிச்சா?"

"இல்லப்பா. சும்மாதான். முழிச்சிருக்கியான்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"சார்... நீங்க ஆடிட்டுங்களா?"